துப்ரோவ்னிக் முதல் சரயேவோ வரை: ஒரே நாளில், பஸ்ஸில், நடுவில் மோஸ்தார்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். செப்டம்பர் கடைசியில் அம்மாவுடன் பால்கன் பக்கம் போகிறீர்கள். அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்கில் இரண்டு இரவு, அதற்கு அடுத்த இரவு போஸ்னியாவின் சரயேவோவில் அறை போட்டாயிற்று. இடையில் இருக்கும் அந்த ஒரு நாளில் துப்ரோவ்னிக் கோட்டைச் சுவர், மோஸ்தார் பாலம், சரயேவோ பழைய கடைத்தெரு மூன்றையும் பார்த்துவிட முடியுமா? பஸ் போதுமா, கார் எடுக்க வேண்டுமா?

மூன்றில் இரண்டு முடியும். சுவரை முந்தின நாளே முடித்துவிடுங்கள். கார் வேண்டாம். ஒரு நாட்டில் எடுத்த வண்டியை இன்னொரு நாட்டில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம் தீட்டுவார்கள். எல்லை தாண்ட அனுமதியும் காப்பீட்டுக் காகிதமும் வேறு வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், இந்தச் சாலையில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பார்க்க வேண்டியது எதையும் பார்க்க முடியாது.

பஸ்ஸில் கழியும் நேரத்தை வீண் என்று நினைப்பதால்தான் இந்த நாளைப் பலரும் தப்பாகத் திட்டமிடுகிறார்கள். துப்ரோவ்னிக்கிலிருந்து மோஸ்தார் சுமார் 140 கிலோமீட்டர், அங்கிருந்து சரயேவோ சுமார் 130. முதல் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கடல். அதற்கப்புறம் நெரெத்வா என்ற ஒரே ஆற்றைக் கழிமுகத்திலிருந்து மேலே மேலே பிடித்துக்கொண்டு போகிறோம். ரோமானியர் ஊர், துருக்கியர் பாலம், ஆஸ்திரியர் போட்ட ரயில் பாதை, யூகோஸ்லாவியா கட்டிய அணை, அந்த நாடு உடைந்தபோது நடந்த 1990களின் போர் எல்லாம் அந்த ஆற்றங்கரையிலேயே வரிசையாக வருகின்றன. நான் இந்த வழியில் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் தடவை பாதி வழி தூங்கினேன், இன்றுவரை வருத்தம்தான்.

முதலில் விசா. இந்திய பாஸ்போர்ட் என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, அதே நாளில் ஈரோவுக்கும் மாறியது. போஸ்னியா ஷெங்கனில் இல்லை. பலமுறை நுழையும் ஷெங்கன் விசா இருந்தால் போஸ்னியாவுக்குத் தனி விசா இல்லாமல் குறுகிய காலம் போய்வரலாம். ஆனாலும் கிளம்புவதற்கு முன் போஸ்னியத் தூதரகத்தின் இணையதளத்தில் அப்போதைய விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் சிக்கல் இரட்டிப்பு. சில பஸ்கள் குரோவேஷியாவிலிருந்து நேயும் என்ற போஸ்னியாவின் கடற்கரைத் துண்டுக்குள் நுழைந்து, வெளியேறி மறுபடி குரோவேஷியாவுக்கு வந்து, மெத்கோவிச் என்ற எல்லை ஊர்ப் பக்கம் கடைசியாகப் போஸ்னியாவுக்குள் போகும். அதாவது ஒரே காலையில் ஷெங்கனை விட்டு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே. ஒற்றை நுழைவு விசாவோடு இரண்டாவது சாவடியில் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போதே "நேயும் வழியா, பாலம் வழியா?" என்று கேட்டுவிடுங்கள். அது என்ன பாலம் என்று கீழே வருகிறது.

துப்ரோவ்னிக்கைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அந்த ஊருக்கு விளம்பரம் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. சுவரின் சுற்றளவு 1,940 மீட்டர். கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் முழுக்கப் படிகள், மேலே நிழலே கிடையாது. சீட்டு விலையும் கையைக் கடிக்கும். அம்மாவின் முழங்காலை நினைத்தால் அவரைக் கீழே ஸ்த்ராதூன் தெருவில் ஒரு காப்பிக்கடையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் மாலையில் ஏறுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவருமாக அதே தெருவுக்கு வாருங்கள். சொகுசுக் கப்பல்கள் ஆட்களை இறக்குவதற்கு முன் அந்தத் தெரு வேறு ஊர். பளிங்கு மாதிரி தேய்ந்த சுண்ணாம்புக்கல் தரை, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். 1667 ஏப்ரல் 6 நிலநடுக்கத்தில் ஊர் தரைமட்டமானது. அதற்கப்புறம் ஒரே திட்டத்தில் திரும்பக் கட்டியதால்தான் இந்த ஒழுங்கு. நேரமிருந்தால் கிழக்கு வாசலுக்கு வெளியே லசரெத்தி கட்டிடங்களையும் எட்டிப்பாருங்கள். கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் தனித்திருந்த பிறகுதான் நகருக்குள் வரலாம் என்று இந்த நகரம் 1377-இலேயே சட்டம் போட்டது. கொரோனா காலத்தில் நாமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அதன் மூதாதை அந்தச் சட்டம். லசரெத்தி கட்டிடங்கள் பிற்காலத்தவை, அதே வழக்கத்துக்காக எழுந்தவை.

பஸ் நிலையம் பழைய நகரத்தில் இல்லை, க்ரூஷ் துறைமுகத்துப் பக்கம், இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெட்டியோடு நடக்க நினைக்காதீர்கள். காலை எட்டு மணியை ஒட்டிக் கிளம்பும் பஸ்ஸைப் பிடித்தால் பன்னிரண்டுக்குள் மோஸ்தார் வந்துவிடலாம். பருவத்துக்குப் பருவம் அட்டவணை மாறும், அதனால் முந்தின நாளே நிலையத்தில் போய்ப் பார்த்து டிக்கெட்டை வாங்கிக்கொள்வது நல்லது. டிக்கெட்டில் இருக்கை எண் அச்சிட்டிருக்கும், யாரும் மதிப்பதில்லை. பெட்டியை அடியில் வைக்கத் தனிக்காசு. நடத்துநர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், சில்லறை கொடுத்தால் பெட்டியில் ஒரு சீட்டை ஒட்டுவார். பெரிய நோட்டை நீட்டினால் முகம் சுருங்கும். அதனால் ஒன்று, இரண்டு ஈரோ நாணயங்களை முந்தின நாளே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். போஸ்னியாவுக்குள் போனதும் இதே கதை அந்த நாட்டு நாணயமான மார்க்கில் தொடரும். ஒரு ஈரோவுக்கு 1.95583 மார்க் என்று சட்டப்படியே நிலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். கடைத்தெருவில் கணக்கு எளிது: இரண்டு மார்க் ஒரு ஈரோ. மோஸ்தார் கடைக்காரர்கள் அப்படியே ஈரோவை வாங்கிக்கொள்வார்கள், கழிவறை வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு மட்டும் மார்க் நாணயம்தான் பிடிக்கும்.

இடது பக்க இருக்கையைப் பிடியுங்கள், வடமேற்கே போகும்போது கடல் அந்தப் பக்கம்தான். மலைச்சரிவில் வெட்டிய சாலை, கீழே தீவுகள். கொஞ்ச நேரம் அதுவே போதும்.

அப்புறம் நேயும். போஸ்னியாவுக்கு இருக்கும் ஒரே கடற்கரை, இருபது கிலோமீட்டர் சொச்சம். அதனால் குரோவேஷியா இரண்டு துண்டாகக் கிடக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் யாரோ கை தவறிக் கோடு போட்ட மாதிரி இருக்கும், ஆனால் தெரிந்தே போட்ட கோடு அது. துப்ரோவ்னிக் அப்போது ரகூசா என்ற சின்னக் குடியரசு. அதற்கு வெனிஸ் என்றால் பயம், துருக்கிய சுல்தானுக்குக் கப்பம் கட்டினால் தொல்லை இல்லை. 1699-இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் எல்லைகளைத் திருத்தியபோது, வெனிஸின் நிலத்தோடு நம் நிலம் ஒட்டவே கூடாது என்று ரகூசா தன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு துண்டைத் துருக்கியரிடம் விட்டுக்கொடுத்தது. பகைவன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே மூன்றாமவன் ஒருவனைக் குடிவைத்த கதை. வடக்கு முனையில் கொடுத்த துண்டுதான் நேயும். வெனிஸ் போய்விட்டது, ரகூசாவை 1808-இல் நெப்போலியனின் ஆட்கள் கலைத்துவிட்டார்கள், துருக்கிய ஆட்சியும் போய்விட்டது. அந்தக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது, முந்நூறு வருஷத்துக்கு அப்புறம் நாம் அங்கே பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

இதைச் சுற்றிப் போகத்தான் குரோவேஷியா பெல்யேஷாட்ஸ் பாலத்தைக் கட்டியது. 2022 ஜூலை 26-இல் திறந்தார்கள். நீளம் 2,404 மீட்டர், பணத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்துடையது, கட்டியது சீன நிறுவனம். உங்கள் பஸ் இதன்மேல் போனால் எல்லைச் சாவடி ஒன்றே ஒன்றுதான். நேயும் வழி போனால் நடத்துநர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் அள்ளிக்கொண்டு சாவடிக்குள் போவார், இல்லாவிட்டால் அதிகாரி பஸ்ஸுக்குள் வருவார். உங்களைக் கீழே இறங்கச் சொன்னாலும் பதற வேண்டாம். ஐரோப்பியர் அல்லாதவர்களின் விரல் ரேகையையும் படத்தையும் பதிவு செய்யும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து இது இன்னும் சாதாரணம்.

இந்த இடத்தில் ஒரு சொந்த நஷ்டக் கதை. ஐரோப்பிய ஒன்றியத்து சிம் போஸ்னியாவில் அதே கட்டணத்தில் ஓடாது. நேயும் துண்டில் பஸ் பதினைந்து நிமிஷம் காப்பிக்கு நின்றபோது என் போன் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது, நான் வீட்டுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த மாத பில் டிக்கெட் விலையைவிட அதிகம். சாவடியைப் பார்த்ததுமே டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

அடுத்து நிலம் திடீரென்று தட்டையாகும். நெரெத்வாவின் கழிமுகம். வாய்க்கால் வாய்க்காலாக வெட்டிய சதுப்பு நிலம் முழுக்க ஆரஞ்சு மாதிரிச் சின்னதான மாண்டரின் தோட்டங்கள். நீங்கள் போகும் நேரம் அறுவடை தொடங்கும் காலம், சாலையோரத்தில் வலைப் பைகளில் தொங்கவிட்டிருப்பார்கள். மெத்கோவிச்சுக்குப் பக்கத்தில் வீத் என்ற கிராமத்தின் அடியில்தான் நரோனா என்ற ரோமானிய நகரம் கிடக்கிறது. அங்கே அகஸ்டஸ் கோயில் ஒன்றைத் தோண்டி ஏராளமான சிலைகளை எடுத்து, அதே இடத்தில் அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். பஸ் அங்கே போகாது. எல்லை தாண்டி சாப்லினா கடந்ததும் வலது பக்கம் திரும்பிப் பாருங்கள். மலைச்சரிவில் கல் கூரை வீடுகள், ஒரு மினார், உச்சியில் கோட்டை, எல்லாம் சாலையின் விளிம்பிலிருந்து எழும்பி நிற்கும். அது போச்சித்தேல். இரண்டு நிமிஷத்தில் கடந்துவிடும், போனைத் தேடிக்கொண்டிருந்தால் போச்சு.

மோஸ்தாரில் இறங்கும்போது எச்சரிக்கை: அந்த ஊரில் பஸ் நிலையம் இரண்டு. கிழக்குக் கரையில் ரயில் நிலையத்தை ஒட்டி ஒன்று, மேற்கே இன்னொன்று. இது நகராட்சியின் தாராள மனசால் வந்ததல்ல, போரின் எச்சம். போருக்குப் பிறகு ஆற்றின் கிழக்கில் போஸ்னியாக் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்களும் மேற்கில் குரோவேஷியர்களும் என்று ஊர் பிரிந்ததில் பல சேவைகள் இரண்டு இரண்டாகிவிட்டன. கட்சிகளுக்குள் ஒத்துப்போகாமல் 2008-க்கு அப்புறம் 2020 டிசம்பர் வரை நகரசபைத் தேர்தலே நடக்கவில்லை. நான் இரண்டாம் முறை போனபோது மேற்கு நிலையத்தில் இறங்கி, சரயேவோ டிக்கெட்டைக் கிழக்கு நிலையத்திலிருந்து எடுத்திருந்தது தெரியாமல் கடைசி நேரத்தில் டாக்ஸியில் ஓடினேன். உங்கள் இரண்டு டிக்கெட்டும் எந்த நிலையம் என்று பாருங்கள். கிழக்கு நிலையமே வசதி. "கார்தெரோபா" என்று எழுதியிருக்கும் அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு, பழைய நகரத்துக்குப் பதினைந்து, இருபது நிமிஷ நடை. அம்மாவோடு என்றால் டாக்ஸி எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய தொகை ஆகாது.

இனி பாலம். "மோஸ்தாரி" என்றால் பாலம் காப்பவர்கள், ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். முன்பு இங்கே சங்கிலியில் தொங்கிய மரப்பாலம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. சுல்தான் சுலைமான் ஆணையில் 1557-இல் தொடங்கி 1566-இல் கல் பாலத்தை முடித்தார்கள். கட்டியவர் மிமார் ஹைருதீன், புகழ்பெற்ற துருக்கியக் கட்டிடக் கலைஞர் சினானின் மாணவர் என்பார்கள். சாரத்தைப் பிரிக்கும் நாளில் பாலம் விழுந்தால் தலை போகும் என்று பயந்து அவர் தனக்கான குழியைத் தானே தோண்டிக்கொண்டிருந்தார் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதையை நம்ப வேண்டியதில்லை, ஆனால் வளைவை நேரில் பார்த்தால் அந்தப் பயம் புரியும். நடுவில் தூண் கிடையாது. ஏறக்குறைய 29 மீட்டர் அகலத்தை ஒரே தாவலில் தாண்டுகிறது, உச்சியிலிருந்து கோடைத் தண்ணீர் வரை இருபது மீட்டருக்கு மேல்.

கிட்டத்தில் போய்க் கல்லைப் பாருங்கள். தெனெலியா என்ற உள்ளூர்க் கல், வெட்டும்போது மிருதுவாக இருக்கும், வெயிலுக்குத் தகுந்தபடி வெளுப்பிலிருந்து தேன் நிறத்துக்குப் போகும். கல்லோடு கல்லை இரும்புப் பட்டையால் கோத்து, துளையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். நடைதளத்தில் குறுக்கே வரிசையாகக் கல் விளிம்புகள் எழும்பி நிற்கின்றன. அலங்காரம் என்று நினைத்தேன். வழுக்காமல் இருக்க வைத்த படிகள் அவை, கால் அதன்மேல் ஊன்ற வேண்டும். நடுக்கல் முழுக்க கோடிக் கால்கள் மிதித்து எண்ணெய் பூசிய மாதிரி இருக்கிறது. மழை பெய்திருந்தால் அம்மாவை ஏறவே விடாதீர்கள். காய்ந்திருந்தால் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் அடிச் செருப்போடு, மெதுவாக.

நீங்கள் நிற்பது 1566-இன் பாலம் அல்ல. 1993 நவம்பர் 9-இல் போஸ்னியக் குரோவேஷியர்களின் படை நடத்திய குண்டுவீச்சில் அது ஆற்றில் விழுந்தது. அதற்கு முந்தின நாளிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த கல்லை ஹங்கேரிய ராணுவ முக்குளிப்பவர்கள் ஆற்றிலிருந்து எடுத்தார்கள், ஆனால் பெரும்பாலானவை திரும்பப் பயன்படாத அளவுக்குச் சேதம். அதனால் அதே வகைக் கல்லைப் புதிதாக வெட்டி, அதே பட்டை, அதே ஈயம் என்று பழைய முறையிலேயே கட்டி 2004 ஜூலை 23-இல் திறந்தார்கள். அடுத்த வருஷம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. "அப்போ இது போலிதானே?" என்று என்னோடு வந்த நண்பர் கேட்டார். கல் புதுசு, வேலை பழசு. நம் ஊரில் கோயிலைத் திருப்பணி செய்த பிறகு யாரும் அதைப் போலிக் கோயில் என்று சொல்வதில்லை.

பாலத்தின் மேல் குட்டைக் கால்சட்டையோடு இளைஞர்கள் நின்று தொப்பியை நீட்டிக்கொண்டிருப்பார்கள். போதுமான காசு சேர்ந்தால்தான் குதிப்பார்கள். குதிக்கப்போகிற மாதிரி கம்பிக்கு வெளியே ஏறி நிற்பதும் இறங்குவதும் பாதி வியாபாரம், அவசரப்படாதீர்கள். ஆனால் குதிக்கும்போது அது விளையாட்டில்லை: கோடையிலும் நெரெத்வா பனிக்கட்டி மாதிரி இருக்கும், சுடுவெயிலில் நின்ற உடம்பை அதற்குப் பழக்க முதலில் தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள். முறைப்படியான பாய்ச்சல் போட்டி 1968-இலிருந்து வருஷாவருஷம் நடக்கிறது. குதிப்பதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் பார்க்க ஒன்றுமில்லை, முன்னால் நிற்பவர் தலைதான் தெரியும். கீழே ஆற்றங்கரைக் கூழாங்கல்லுக்கு இறங்கிப்போங்கள். அம்மாவால் இறங்க முடியாதென்றால், கிழக்குக் கரையில் கொஞ்சம் வடக்கே கோஸ்கி மெஹ்மத் பாஷா மசூதியின் முற்றத்துக்குப் போகலாம். சின்ன நுழைவுக் கட்டணம், நிழல், உட்கார இடம், பாலம் முழுசாகக் கண் முன்னால். மினாருக்குள் ஏறும் படி குறுகல், அது உங்களுக்கு மட்டும்.

சாப்பாடு. ஆற்றைப் பார்த்த மொட்டைமாடி உணவகங்கள் எல்லாம் இறைச்சித் தட்டுதான், செவாப்பி என்ற சின்னச் சின்னக் கபாப். சைவத்துக்கு நேராக ரொட்டிக்கடைக்குப் போங்கள். போஸ்னியாவில் "பூரெக்" என்றால் உள்ளே இறைச்சி, அது ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர். சீஸ் வைத்தது "சிர்னிட்சா", கீரையும் சீஸும் "செல்யானிட்சா", உருளைக்கிழங்கு "க்ரோம்பிருஷா". அக்கம்பக்க நாடுகளில் எல்லாவற்றையும் பூரெக் என்றே சொல்வார்கள், அதனால் இங்கே வந்து "சீஸ் பூரெக்" என்று கேட்டால் கடைக்காரர் திருத்துவார். எடைபோட்டுக் கொடுப்பார்கள், கால் கிலோ ஒருவருக்குத் தாராளம். மாவில் எந்தக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்பதைக் கண்டிப்பாகப் பார்ப்பவர் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். கூட ஒரு கோப்பைத் தயிர் வாங்கினால் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வரும்.

திரும்ப நிலையத்துக்குப் போகும் முன் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் கடைத்தெருவை விட்டு மேற்கே புலேவார் சாலைக்கு நடங்கள். 1993-இல் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்த போர்முனை இது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றுக்குப் புதுச் சாயம், ஒன்றில் கூரை இல்லாமல் ஜன்னல் ஓட்டை வழியாக மரம் வளர்ந்திருக்கும். செப்புத்தட்டும் காந்தப் படமும் விற்கும் பாலத்தடித் தெருவை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் மோஸ்தாரைப் பாதிதான் பார்த்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அம்மாவுக்கு இது வேண்டாம் என்றால் மசூதி முற்றத்திலேயே இருக்கட்டும்.

நான்கு மணியை ஒட்டி வரும் சரயேவோ பஸ்ஸைப் பிடியுங்கள், அதற்குமேல் தாமதம் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போது பார்க்க வேண்டிய பாதை இது. இரண்டரை மணி நேரம். ரயிலும் இருக்கிறது, இதே பள்ளத்தாக்கில்தான் போகிறது, அதுவும் அருமை. ஆனால் நாளுக்கு ஓரிரு வண்டிதான், உங்கள் நேரத்துக்கு அது பொருந்தினால் யோசிக்காமல் அதில் ஏறுங்கள். ஆஸ்திரியர்கள் 1891-இல் மோஸ்தாருக்கும் சரயேவோவுக்கும் நடுவே குறுகிய பாதையைப் போட்டு முடித்தார்கள், இன்றைய அகலப் பாதை 1966-இல் வந்தது.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கிவிடும். ஆறு ஒரு சமயம் இடது, ஒரு சமயம் வலது, அதனால் இந்தப் பகுதியில் இருக்கைக்குச் சண்டை போட வேண்டாம். தண்ணீரின் பச்சை நிறம் படத்தில் பார்த்தால் கூட்டிவைத்த மாதிரி இருக்கும், நேரிலும் அப்படித்தான் இருக்கிறது. வரிசையாக நீர்மின் அணைகள், அவற்றின் பின்னால் அசையாத ஏரி. அப்புறம் யாப்லானிட்சா. சாலையோரம் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்துச் சுற்றிக்கொண்டே வாட்டும் கடைகள், பஸ் ஜன்னல் மூடியிருந்தாலும் வாசனை வரும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 1943-இல், பின்னாளில் யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவின் கெரில்லாப் படை ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்களோடு இங்கே மாட்டிக்கொண்டது. பாலத்தைத் தாங்களே தகர்த்து எதிரியை ஏமாற்றி, அப்புறம் அதன் இடிபாட்டின் மேலேயே வழி போட்டு இரவில் ஆற்றைக் கடந்தார்கள். இப்போது அங்கே உடைந்து தொங்கும் இரும்புப் பாலம் அந்தப் பாலமல்ல. 1960களின் கடைசியில் ஒரு போர்ப்படத்துக்காகத் திரும்பக் கட்டித் திரும்பத் தகர்த்தது. சினிமாவின் இடிபாடு நினைவுச்சின்னமாகிவிட்டது.

இதே ஊரின் கீழ்ப்பகுதியில் 2024 அக்டோபர் 4 அதிகாலையில் பெருமழையில் மேலே இருந்து பாறையும் மண்ணும் சரிந்து வீடுகளை மூடி, பலர் இறந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் அடித்துப் போயின. கடந்து போகும்போது சரிவின் தடம் வெளுப்பாகத் தெரியும். மழைக்காலத்தில் இந்தப் பாதையில் தாமதம் வரலாம் என்பதற்காகவும் சொல்கிறேன், அன்றிரவே விமானம் பிடிக்கிற மாதிரி திட்டம் போடாதீர்கள்.

கொன்யிட்ஸ் கடைசி நெரெத்வா ஊர். 1682-ஐச் சேர்ந்த ஆறு வளைவுக் கல் பாலம், 1945-இல் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் தகர்த்தார்கள், 2009-இல் திரும்பக் கட்டினார்கள். இந்த ஆற்றின் மேல் பாலங்களின் தலையெழுத்தே இப்படித்தான் போல. ஊருக்குப் பக்கத்து மலைக்குள் டிட்டோ அணுப்போருக்குப் பயந்து 1953 முதல் 1979 வரை ரகசியமாகத் தோண்டிய பதுங்கிடம் இருக்கிறது, 350 பேருக்கு. அது தனி நாள் வேலை. இங்கே ஆற்றுக்கு விடைகொடுத்து பஸ் இவான் மலையில் ஏறும். காற்று குளிரும், அம்மாவின் சால்வையைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

சரயேவோ நிலையத்தில் இறங்கினால் ரயில் நிலையத்துக்கு முன்னாலிருந்து 1-ஆம் எண் டிராம் பாஷ்சார்ஷியா கடைத்தெருவுக்கே போகும். மறுநாள் இங்கிருந்து பெல்கிரேடு, மொன்டெநீக்ரோ பக்கம் போவதாக இருந்தால் பல பஸ்கள் இந்த நிலையத்தில் வராது, கிழக்குச் சரயேவோ நிலையம் தனி, ஊரின் மறு ஓரம். இரண்டு நிலையக் கதை இங்கேயும் உண்டு.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள். கடைத்தெரு தட்டையானது, முழங்காலுக்குத் தொந்தரவில்லை, எல்லாம் பத்து நிமிஷ நடைக்குள். மரத்தால் செய்த செபில்ய் நீர்த்தொட்டி, அதைச் சுற்றிப் புறாக்கள். செம்பு தட்டும் தெரு. ஆற்றோரம் 1896-இல் கட்டிய நகர மண்டபம். நூலகமாக இருந்தபோது 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் லட்சக்கணக்கான புத்தகங்களோடு எரிந்து 2014-இல்தான் திரும்பத் திறந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லத்தீன் பாலம், 1914 ஜூன் 28-இல் கவ்ரீலோ பிரின்ட்சிப் என்ற போஸ்னிய செர்பிய இளைஞன் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டது அதன் முனையில்தான். நடைபாதையில் அங்கங்கே பூப்போலச் சிவப்பாக ஏதோ சிந்தியிருக்கும். போரில் இந்த ஊரை முற்றுகையிட்டிருந்தபோது குண்டு விழுந்து மனிதர்கள் இறந்த இடத்துக் குழிகளில் சிவப்புப் பிசின் ஊற்றியிருக்கிறார்கள், மிதிக்காமல் சுற்றிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1992 ஏப்ரலில் தொடங்கி 1,425 நாள் நீடித்த முற்றுகை அது.

அப்புறம் ஒரு காப்பி. செப்புத் தட்டில் நீள்கைப்பிடிக் குவளை, காது இல்லாத குட்டிக் கிண்ணம், ஒரு இனிப்புத் துண்டு. நம் டிகிரி காப்பியைப் போல ஒரே மூச்சில் இறக்கக்கூடாது, அடியில் வண்டல் இருக்கும். கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

உட்காரும் இடத்தைக் காஸி ஹுஸ்ரெவ் பேக் மசூதியின் மணிக்கூண்டு தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து வந்த இயந்திரம், ஆனால் காட்டுவது லண்டன் நேரமும் அல்ல, உங்கள் கைக்கடிகார நேரமும் அல்ல. சூரியன் மறையும் கணம் அதற்குப் பன்னிரண்டு மணி, அங்கிருந்துதான் புதுநாள் தொடங்குகிறது. நாள் குறையக் குறைய ஒருவர் மேலே ஏறி முள்ளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். பஸ் ரொம்பத் தாமதமாகாமல் வந்து சேர்ந்திருந்தால், செப்டம்பர் கடைசியில் நீங்கள் காப்பியை ஊற்றும்போது அந்த முட்கள் இரண்டும் உச்சியில் சேர்ந்து பிரிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.